ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு

பிப்ரவரி 3

டிசம்பரில் வேலையைவிட்டு அனுப்பிய அன்று எச்.ஆர். பெண் எனக்கு ஒரு அட்டைப்பெட்டியும் ஓர் அறிவுரையும் கொடுத்தாள். பெட்டிக்குள் என் காப்பிக் கோப்பையும் பதினைந்து வருட சேவைக்காக முன்பு கொடுத்த கண்ணாடிக் கேடயமும். அறிவுரை இது: "அட்டெண்ட் பண்ற ஒவ்வொரு இன்டர்வியூவையும் எழுதி வைங்க சார். எங்க சறுக்குறோம்னு அப்பதான் தெரியும்."

பெட்டி பரணுக்குப் போய்விட்டது. அறிவுரைக்காக இந்த டைரி. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஜனவரி முழுவதும் வெறும் தாள்.

முறைப்படி ஆரம்பிக்கலாம். பெயர் ஞானசேகரன். வயது நாற்பத்தைந்து. மென்பொருள் பொறியாளர். மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. மனைவி உமா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் நிரஞ்சனா அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. தேவை: ஒரு வேலை. என் பெயரும் என் படமும் போட்ட அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். பெரிய ஆசை எதுவும் இல்லை.

பிப்ரவரி 11

நேர்காணல் 3. கேட்டவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். ஒன்றில் அவரைத் திருத்தவும் செய்தேன். முடிவு: "நாங்க திரும்பக் கூப்பிடறோம் சார்."

கூப்பிட மாட்டார்கள். பத்து வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன். என் கேள்வி ஒன்று அலுவலகத்தில் பிரபலம். பஸ்ஸில் கடைசியாக ஒரே ஒரு சீட்டு. இரண்டு பேர் ஒரே நொடியில் இணையத்தில் 'புக்' பொத்தானை அழுத்துகிறார்கள். உன் புரோகிராம் யாருக்குக் கொடுக்கும்? இதில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த இருபத்தேழு வயதுக்காரரிடம் கேட்டிருந்தால் அவரும் விழுந்திருப்பார்.

பிப்ரவரி 12

கேஸ் சிலிண்டர் வந்தது. துணி மடித்தேன்.

பிப்ரவரி 26

நேர்காணல் 7. "டீம்ல எல்லாம் சின்னப் பசங்க சார். உங்களுக்கு செட் ஆகுமா?" இதைக் கேள்வி என்று சேர்ப்பதா, முடிவு என்று சேர்ப்பதா தெரியவில்லை.

மூன்று வருடம் முன்பு நாற்பத்தேழு வயதுக்காரர் ஒருவரை நானும் 'குழுவுக்குப் பொருந்தமாட்டார்' என்று எழுதி அனுப்பினேன். அது வேறு. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைவு.

மார்ச் 10

பயிற்சி ஆசிரியர் தேவை என்ற விளம்பரம் பார்த்து வேளச்சேரி போனேன். கீழே பிரியாணிக் கடை, இரண்டாம் மாடியில் பயிற்சி மையம். நடத்துபவன் ஜெரால்ட். முப்பது வயது, வாய் ஓயாது.

"ட்ரெயினிங்லாம் போர்டுக்குத்தான் சார். வேலை வேற. இன்டர்வியூல பசங்க மூஞ்சியக் காட்டுவாங்க. நீங்க கேமராவுக்கு வெளிய உக்காந்து குரல் குடுக்கணும். உங்க வாய்ஸுக்கு அவங்க வாயசைப்பாங்க."

எழுந்து வந்துவிட்டேன். படியில் பின்னாலேயே ஓடிவந்தான். "கோச்சுக்காதீங்க சார். உங்க குரலு இருக்கே, கண்ண மூடிக்கினு வேலை குடுக்கலாம்."

அயோக்கியத்தனம். வீடு வந்து சேரும்வரை ஆத்திரம் ஆறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுக்கலாமாம்.

மார்ச் 24

நேர்காணல் 11. பழைய மாமல்லபுரம் சாலையில் நேரடித் தேர்வு. வெயிலில் அறுநூறு பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோரும் நிரஞ்சனாவைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். வாசலில் காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னார்: "பையனோட வந்தீங்களா சார்? பேரன்ட்ஸுக்கு அந்தப் பக்கம் சேர் போட்டிருக்கு."

அங்கே போய் உட்கார்ந்தேன். என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்துகொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள்.

மார்ச் 25

ஜெரால்டுக்குப் போன் செய்தேன். சும்மா விசாரிக்கத்தான்.

மார்ச் 26

இணையத்தில் பாடம் எடுக்கிறேன் என்று உமாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு அதுதான் சரிங்க. நீங்க சொல்லிக் குடுத்தா மாட்டுக்கும் புரியும்." இட்லிக்குத் தக்காளிச் சட்னியோடு தேங்காய்ச் சட்னியும் அரைத்தாள்.

ஏப்ரல் 2

பையனின் பெயர் மாதேஷ். தருமபுரி பக்கம் பாலக்கோடு. அப்பா தக்காளி போடுகிறார். வயது இருபத்தைந்து, வேலை பார்த்த அனுபவம் பூஜ்யம். ஜெரால்ட் தயாரித்த விண்ணப்பத்தில் ஏழு வருடம். பதினெட்டு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்போல என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுங்க சார்."

"பயப்பட உனக்கு என்ன வேலை இருக்கு? பேசப்போறது நான்."

ஒத்திகை காலை முழுவதும் நடந்தது. அவன் உதடு என் குரலுக்குப் பின்னால் ஓடியது, மட்டமான டப்பிங் படம் மாதிரி. வழி ஒன்று கண்டுபிடித்தேன். பதில் ஆரம்பிக்கும் முன் பேனாவால் மேஜையில் டொக் டொக் என்று இரண்டு முறை தட்டுவேன். தட்டியதும் அவன் வாயைத் திறக்க வேண்டும். முதல் வார்த்தை எப்போதும் 'பேசிக்கலி'. பிறகு, வழக்கமாகக் கேட்கும் நாற்பது கேள்விகளுக்கு என் பதில்களை வார்த்தை மாறாமல் எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் புரியாவிட்டால் பரவாயில்லை, உதட்டுக்கு மனப்பாடம் ஆனால் போதும் என்றேன்.

தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 4

நேர்காணல் 12. குரல் மட்டும்.

கேட்டவர் ஹேமலதா, மேலாளர். கெட்டிக்காரப் பெண்மணி. பேச்சு ஆங்கிலத்தில்தான். மாதேஷ் கேமரா முன்னால், நான் மேஜைக்கு எதிர்ப்புறம், கேமராவுக்குத் தெரியாமல். ஆறு கேள்வி, ஆறு பதில். ஏழாவதாக அவர் கேட்டது என் கேள்வியையே! பஸ், கடைசி சீட்டு, இரண்டு பேர், ஒரே நொடி.

டொக் டொக்.

"பேசிக்கலி, எங்க ஊர்ல பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பாங்க மேடம்" என்றேன். துண்டுக்கு ஆங்கிலம் தேடவில்லை, தமிழிலேயே சொன்னேன். "சீட்டு யாருதுன்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல துண்டு விழணும். ஒரு சீட்டுக்கு ஒரு துண்டுதான், ரெண்டாவது துண்டு விழவே கூடாது. துண்டு போட்டவன் ஏறவே இல்லேன்னா? கண்டக்டர் விசில் ஊதற வரைக்கும்தான் அதுக்கு மரியாதை. அதுக்கப்புறம் எடுத்துப் போட்டுட்டு அடுத்தவன் உக்காரலாம். புரோகிராமும் அப்படித்தான்."

ஹேமலதா வாய்விட்டுச் சிரித்தார். "இருபது வருஷத்துல இந்தப் பதிலை யாரும் எங்கிட்ட சொன்னதில்ல." நான் மேஜைக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தேன். மாதேஷுக்குச் சிரிக்க வேண்டும் என்று தோன்றக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

முடிவு: தேர்வு.

இந்த டைரியில் அந்த வார்த்தையை முதல்முறையாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 5

மாவு அரைக்கும்போது பாட்டு முணுமுணுத்தேனாம். உமா சொன்னாள்.

மே 19

மாதேஷ் வேலையில் சேர்ந்தான். கழுத்தில் அட்டையோடு படம் அனுப்பினான். அட்டையை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல நாடா, வட்ட முத்திரை, படம் கொஞ்சம் கோணல். ஒழுங்காக நிமிர்ந்து உட்காரத் தெரியவில்லை அவனுக்கு.

மே 27

மாதேஷுக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அணி என்பது அவன் அதிர்ஷ்டம். காலை பத்து மணிக்கு அவன் கணினித் திரை என் கணினியில் திறக்கும். அவனுக்குக் கொடுத்த வேலையை நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன். ஆறு மணிக்கு முடிந்துவிடும். மீட்டிங்கில் மைக் சரியில்லை என்று எழுத்தில்தான் பதில், அதையும் நானே தட்டுகிறேன். இதை உதவி என்றுதான் சொல்ல வேண்டும். ஜெரால்ட் இதற்கு 'சப்போர்ட்' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறான்.

வேலை நல்ல வேலை. மறந்து போயிருந்தேன், இப்படி மூழ்கிப் போவதை.

ஜூன் 14

சாப்பிடும்போது உமாவுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன், மழைநீர்க் குழாய் விஷயம். நிரஞ்சனா எதிரே உட்கார்ந்து நான் பேசப் பேச சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். நான் நிறுத்தினால் நிறுத்தினாள். உமா சிரித்தாள். "என்னடி விளையாட்டு?" "ஒண்ணுமில்லம்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தும் இன்னும் குழந்தைத்தனம் போகவில்லை.

ஜூன் 30

மாதேஷுக்கு இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் விருது. கேடயத்தின் படம் அனுப்பினான். வாழ்த்துச் சொல்லப் போன் செய்தால் அழுகிறான்.

"இன்னிக்கு ஆபீஸ் வரச் சொல்லியிருந்தாங்க சார். கேன்டீன்ல யாரோடயும் உக்காந்து சாப்பிடறதில்லீங்க. வேலையப் பத்தி ஏதாச்சும் கேட்டுருவாங்கன்னு டப்பாவ பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

பிறகு சொன்னான்: "சார், நெசமாவே சொல்லிக் குடுங்க சார். தெனம் ஒரு மணி நேரம். நான் கத்துக்கறேன். நான் மக்குப் பையன் இல்லீங்க."

பார்க்கலாம் என்றேன். எங்கே நேரம்? அவனுக்குப் புரியவைக்கிற ஒரு மணி நேரத்தில் அன்றைய வேலையை நானே முடித்துவிடலாம். தவிர, அவன் கற்றுக்கொண்டுவிட்டால் காலை பத்து மணிக்கு எனக்கு என்ன வேலை?

ஜூலை 2

ஜெரால்டின் மற்ற ஐந்து பையன்களுக்கும் தேர்வு. நேர்காணல் 13 முதல் 17 வரை. குரல் மட்டும்.

ஜூலை 18

நேர்காணல் 20. எனக்கே எனக்கானது. "ஏழு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க சார்?"

தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்த்தேன். ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பகுதியை வேரிலிருந்து மாற்றி எழுதினேன். விருது வாங்கினேன். எதைச் சொல்வது? "குடும்பச் சூழ்நிலை" என்றேன். முடிவு: திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 1

மாதேஷின் நிறுவனத்தில் மூத்த பொறியாளர் பதவி ஒன்று காலி. அவன் அணியிலேயே. எழுதி வைத்த தகுதிகளைப் படித்தேன். என்னை நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. இருக்காதா? அங்கே இப்போது ஓடிக்கொண்டிருப்பதில் பாதி நான் எழுதியது.

மாதேஷிடம் என் பெயரைப் பரிந்துரைக்கச் சொன்னேன். எந்தப் பதவி என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு சொன்னான்: "சார், முதல் ரவுண்டு எடுக்கறதே நான்தாங்க. ஏழு வருஷம் அனுபவம் இருக்கறவங்க எடுக்கணும்னு ரூல். எம் பேரப் போட்டுட்டாங்க. என்ன கேக்கறதுன்னே தெரியல. உங்களுக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன்."

இருவருமே கொஞ்சம் சிரித்தோம்.

ஆகஸ்ட் 3

கேள்விகளை நானே எழுதினேன். அவன் உதட்டுக்கு ஏற்கெனவே மனப்பாடமான அந்த நாற்பதிலிருந்து பத்து. கேட்பவன் தடுமாறாமல் இருக்க வேண்டுமல்லவா? இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பதில் எல்லாம் எனக்குத் தெரிந்தவை, நான் எழுதியவை. யார் எதைக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவன், கேள்வியை முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் என்ன குற்றம்?

தெரிந்தவனுக்கு இது எதற்கு என்று கேட்டால், சின்னப் பசங்களிடம் இன்னொரு தடவை தோற்கத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 11

நாளை. நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். உமா பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள். அவள் பள்ளித் தலைமையாசிரியை என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறாராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, நேர்காணலுக்குப் பயப்படாமல் இருப்பது எப்படி என்று. "எங்க வீட்டுக்காரர் அதைத்தான் சொல்லிக் குடுக்கறார்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

வேலை கிடைத்ததும் பேசலாம். கழுத்தில் அட்டையோடு போய் நின்றால் பிள்ளைகளும் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 12

நேர்காணல் 21.

திரையில் இரண்டு கட்டம் என்று நினைத்திருந்தேன், நானும் மாதேஷும். மூன்று இருந்தன. மூன்றாவதில் ஹேமலதா. "மாதேஷுக்கு இது முதல் தடவை. நான் சும்மா கூட இருக்கேன். நீங்க நடத்துங்க மாதேஷ்." அவரை இதுவரை நான் முகம் பார்த்ததில்லை, மேஜைக்கு எதிர்ப்புறத்திலிருந்து குரலைத்தான் கேட்டிருக்கிறேன். நரைத்த முடி, பெரிய கண்ணாடி. மாதேஷின் முகத்தில் ரத்தமே இல்லை.

தாளைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தான். பதில் சொன்னேன். இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஹேமலதா தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பேனா கையில் இருந்தது.

நான்காவது கேள்வி. "பேசிக்கலி" என்று ஆரம்பித்து இரண்டு வரி சொல்லியிருப்பேன். மாதேஷின் கட்டத்தில் ஏதோ அசைந்தது. அவன் உதடு. நான் சொல்லச் சொல்ல அவன் வாய் அதே வார்த்தைகளைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. பதிலுக்கு முன் நான் மேஜையில் தட்டியிருக்கிறேன். இரண்டு முறை. கை தானாகத் தட்டியிருக்கிறது.

நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான்.

மறுபடி ஆரம்பித்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான், ஆனாலும் தாடை அசைந்தது. ஹேமலதா எழுதுவதை விட்டுவிட்டு மாதேஷையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதேஷ், எதுக்கு வாயை அசைக்கறீங்க?"

"இல்லீங்க மேடம்."

"சரி. நீங்க இருங்க. நான் ஒண்ணு கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "சார், பஸ்ல கடைசியா ஒரு சீட்டு. ரெண்டு பேர் ஒரே செகண்ட்ல பட்டனை அமுக்கறாங்க. என்ன பண்ணுவீங்க?"

மாதேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

தியேட்டர் டிக்கெட்டைச் சொல்லியிருக்கலாம். கல்யாண மண்டபத்தைச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் இருக்கும் விளக்கத்தை அப்படியே ஒப்பித்திருக்கலாம். துண்டைத்தான் சொன்னேன். ஜன்னல், துண்டு, கண்டக்டரின் விசில், எல்லாவற்றையும் கடைசி வரை சொன்னேன். பழக்கதோஷம்.

ஹேமலதா இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏப்ரல்ல இந்தப் பதிலுக்காக மேல சண்டை போட்டு ஓர் ஆளை எடுத்தேன் சார். விண்ணப்பம் சந்தேகமா இருக்கு, வேண்டாம்னாங்க. விண்ணப்பத்தை விடுங்க, இப்படி யோசிக்கற ஆள் நமக்குக் கிடைக்க மாட்டான்னு சொன்னேன்." கேமராவை நேராகப் பார்த்தார். "நான் எடுத்தது உங்களைத்தான்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்க பேரு இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். தகப்பனார் பெயரையும் கேட்டார்.

ஆகஸ்ட் 13

காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்தேன். மாதேஷின் திரை வரவில்லை.

ஆகஸ்ட் 16

மின்னஞ்சல். ஆள்மாறாட்டத்தில் ஈடுபட்டதாக என் பெயர் பதிவாகிவிட்டது. நியமனத்துக்கு முன் விசாரிக்கிற ஏஜென்சிகளுக்கும் தெரிவித்துவிட்டார்களாம். இனி எந்தப் பெரிய நிறுவனமும் என் பெயரைத் தட்டினால் இது வரும்.

இத்தனை பேருக்காகப் பொய் பேசினேன், ஒரு தொந்தரவும் இல்லை. எனக்காக, என் முகத்தோடு, என் பதிலைச் சொன்ன ஒரே நாளில் பிடித்துவிட்டார்கள்.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நாங்க பாலக்கோட்டுல இருந்து பேசறங்க. மாதேஷோட அப்பா. பையன் நாலு நாளாப் போனே எடுக்கல. அவனுக்கு நீங்கதான் வாத்தியாருன்னு உங்க நம்பரக் குடுத்து வெச்சிருந்தான். அங்க வந்தானுங்களா?"

"வேலை அதிகமா இருக்கும்" என்றேன்.

"அப்படிங்களா. நீங்க சொன்னாச் சரிங்க. நீங்க இருக்கற தைரியத்துலதான் அவன அங்க விட்டிருக்கறோம்."

வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மாதேஷுக்குப் பதினோரு முறை கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. பயந்துபோய் வேளச்சேரியில் அவன் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். அறை காலி. பெட்டியை எடுத்துக்கொண்டு புதன்கிழமையே போய்விட்டான் என்றார்கள். கட்டிலுக்கு அடியில் நான் எழுதிக் கொடுத்த நாற்பது பதில்கள் கிடந்தன. ஓரங்களில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதியிருந்தான். இது ஏன்? இது எப்படி? சாரிடம் கேட்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருந்தது. சாரிடம் கேட்க வேண்டும்.

தாளை மடித்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

மாதேஷிடமிருந்து குரல்செய்தி. பின்னால் ஆடு கத்தும் சத்தம். "சார், ஓசூர்ல கூட்டாளி ரூம்ல இருந்துட்டு நேத்துதான் ஊருக்கு வந்தேன். அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாரு அவரு. உங்க மேல கோவம் இல்லீங்க சார். அன்னிக்கு அந்தத் துண்ட மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். இனிமே கூப்பிடாதீங்க."

அவன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் கவனித்ததே இல்லை. நிதானமான, கனமான குரல். அதை வைத்துக்கொண்டே அவன் பிழைத்திருக்கலாம். தினம் ஒரு மணி நேரம் கேட்டான்.

ஆகஸ்ட் 25

பள்ளியில் பேச வரும் வெள்ளிக்கிழமை என்று உமா சொன்னாள். நிரஞ்சனா படித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "அப்பா எங்க ஸ்கூலுக்கு வரவேணாம்."

"ஏண்டி? எல்லாருக்கும் உபயோகமா இருக்குமே."

"வரவேணாம்னா வரவேணாம். வந்தா அன்னிக்கு நான் லீவு."

உமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சமாதானம் செய்தேன். வெட்கப்படுகிற வயது, அப்பா மேடையேறினால் கூச்சமாக இருக்கும் என்றேன். தொண்டை சரியில்லை என்று தலைமையாசிரியைக்குச் சொல்லிவிடச் சொன்னேன்.

படுக்கையறைக் கதவு பிளைவுட். மெல்லியது.

ஆகஸ்ட் 29

ஆகஸ்ட் 12ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். பழக்கதோஷம் என்று எழுதியிருக்கிறேன். தட்டியது பழக்கம். துண்டு பழக்கமில்லை. தெரிந்தேதான் சொன்னேன். அவர் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, எதற்குக் கேட்கிறார் என்று. மாதேஷ் கண்ணை மூடியதையும் பார்த்தேன். அந்தப் பதில் என்னுடையது என்று ஒரே ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசைக்கு அவனைக் காவு கொடுத்தேன்.

செப்டம்பர் 9

ஜெரால்ட் வீட்டுக்கே வந்துவிட்டான். ஒரு டஜன் வாழைப்பழம் வேறு.

"கேள்விப்பட்டேன் சார். மனச விடாதீங்க. புதுசா ஏழு பேர் வந்திருக்காங்க. நீங்க இல்லாம சென்டர் ஓடல."

"என் பேரு எல்லா எடத்துலயும் போயிடுச்சு ஜெரால்ட்."

"பேருதான சார் போச்சு?" வாழைப்பழத்தை உரித்து எனக்கே நீட்டினான். "உங்க பேருக்குத்தான் தடை. குரலுக்கு இல்லையே."

வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 11

உமா எட்டு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டாள். நிரஞ்சனாவுக்கு நாளை காலாண்டுத் தேர்வு, கணக்கு. இன்று விடுமுறை. ஹாலில் தரையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குளித்து, நீலச் சட்டை போட்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"இன்னைக்கு யாருக்குப்பா?"

பென்சில் நிற்கவே இல்லை, கணக்கைப் போட்டுக்கொண்டேதான் கேட்டாள்.

வகுப்பு இருக்கிறது என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவள் தலையை நிமிர்த்தி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

நேர்காணல் 22. குரல் மட்டும். பையனின் பெயர் சதாசிவம், ராசிபுரம், வயது இருபத்துமூன்று. முடிவு: தேர்வு.